திடல் வோர்டுக்கு முன்பே இருந்தது
கொழும்பின் காலிமுகத்திடலைப் பற்றிய உங்கள் கட்டுரையில், "காலிமுகத்திடலை உருவாக்கியவர் தேசாதிபதி (பிரித்தானிய ஆளுநர்) ஹென்றி வோர்ட்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அது பாதிதான் சரி. அவர் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தது கடலோர நடைபாதையை. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணுங்கள் என்று அடுத்து வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டும் அந்த நடைபாதையைப் பற்றித்தான் பேசுகிறது. திடல் அதற்கு முன்பே இருந்தது, கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே மறைப்பு எதுவும் இருக்கக் கூடாதென்று ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வெட்டவெளியாக வைத்திருந்த நிலம் அது. மேலே கருத்து எழுதிய ஒருவர், இங்கே குதிரைப் பந்தயம் நடந்ததெல்லாம் கட்டுக்கதை என்கிறார். இல்லை ஐயா, 1893இல் கொழும்பின் கறுவாத்தோட்டப் பகுதிக்கு மாறும் வரை பந்தயம் இந்தத் திடலில்தான். அப்புறம், கரையோர வீதி என்று காலி வீதியை மட்டும் எழுதியிருக்கிறீர்களே, அது மட்டும்தானா? கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்களுக்குப் பின்னேரம் காலாற நடக்க மரைன் டிரைவ் என்ற கடலோர வீதிதான், வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது, திடல் மாதிரி விசாலமும் இல்லை, ஆனாலும் சனம் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்ப் பாறைகளில் உட்கார்ந்துதான் இருக்கிறது (ரயில் வருகிறதா என்று யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்!). அடுத்த பகுதியில் அதையும் எழுதுங்கள்.