பழுதோடும் நகலெடுக்கும்
"டி.என்.ஏ.வில் சேதம் இருந்தால் செல் அதைச் சரிசெய்த பிறகுதான் நகலெடுக்கும்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதிதான் சரி. நகலெடுக்கும் வழியில் பழுது எதிர்ப்பட்டால் நகலெடுக்கும் நொதியான வழக்கமான பாலிமரேஸ் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் பாலிமரேஸ் ஈட்டா போன்ற வேறொரு நொதி வந்து அந்த இடத்தைத் தாண்டிக் கொடுக்கும். பழுது அப்படியேதான் இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டு டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான தைமின் அடுத்தடுத்து இரண்டு ஒட்டிக்கொண்டால், ஈட்டா பெரும்பாலும் அவற்றுக்கு எதிரே, தைமினுக்கு உரிய இணை எழுத்தான அடினைன் இரண்டைச் சரியாகவே வைக்கிறது. "ஈட்டா போன்ற பிழை விடும் நொதி இல்லாமல் இருப்பதே நல்லது" என்று ஒருவர் சொல்லலாம். சேதமில்லாத இழையில் அது நிறையப் பிழை விடும், ஒப்புக்கொள்கிறேன். தன் பிழையைத் தானே திருத்தும் திறனும் அதற்குக் கிடையாது. ஆனால் அது சரியாக வேலை செய்யாத மனிதர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்: வெயிலைத் தோல் தாங்காத பரம்பரை நோயான சீரோடெர்மா பிக்மென்டோசத்தின் 'வேரியன்ட்' வகையினர். சேதமான துண்டை வெட்டியெடுத்துச் சரிசெய்யும் வேலை அவர்கள் செல்களில் ஒழுங்காகவே நடக்கிறது. இருந்தும் வெயில் படும் தோலில் புற்றுநோய் எளிதில் வருகிறது. ஈட்டாவின் மரபணுக் கோளாறுதான் காரணம் என்று 1999-ல் தெரியவந்தது. ஈட்டா இல்லாத இடத்தில் வேறு நொதிகள் கைவைத்து இன்னும் மோசமாக எழுதிவிடுகின்றன.