பூட்டிய பெட்டிக்குள் சாவி

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) போடலாம் என்று ஞாயிறு காலை உட்கார்ந்தேன். பென்டிரைவிலிருந்து பூட் ஆனது, மொழி கேட்டது, சரி. அப்புறம் வைஃபைக்கு ஃபர்ம்வேர் (அந்த வன்பொருளை இயங்க வைக்கும் சிறு மென்பொருள்) இல்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொள் என்றது. இணையம் இருந்தால் உன்னிடம் ஏனப்பா கெஞ்சப் போகிறேன்? லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன்கூட 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அந்த மாதிரி ஃபர்ம்வேரை நிறுவும் மென்பொருளோடு சேர்த்தே தருகிறது. நான் போட்டதில் அந்தக் கருணை இல்லை. போனை கேபிளில் செருகி, டெதரிங் போட்டு, அதாவது போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுத்துத் தப்பித்தேன்.

அடுத்து பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கின் எந்தப் பகுதியில் லினக்ஸ் போடுவது என்ற கேள்வி. எஸ்டிஏ1, எஸ்டிஏ2, எஸ்டிஏ3. இதில் எது விண்டோஸ், எதில் கல்யாண போட்டோக்கள் என்று யார் கண்டது? தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்; 'தொடரவா?' என்று கேட்டபோது கை நடுங்கியது.

ஒருவழியாக டெஸ்க்டாப் வந்தது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் லினக்ஸைக் காட்டுகிறேன் என்று நான் கூப்பிட்டு உட்கார வைத்த தம்பி, பார்ட்டிஷனிலேயே எழுந்து போய்விட்டான்.