இரண்டாவது முறை வந்தவர்கள் எத்தனை பேர்?

இலவச மனநல முகாம் நடந்தது, இத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்விதான் எழும். அவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள்? அந்தக் கணக்கை யாரும் பேனரில் போடுவதில்லை.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பக்கவிளைவு மட்டும் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். குமட்டல், வாய் உலர்தல், சில மாத்திரைகளில் அசத்தும் தூக்கம். மாதச் சம்பளக்காரர் இரண்டு நாள் லீவு போட்டுச் சமாளித்துவிடுவார். விடிந்ததும் சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்குகிறவர் என்ன செய்வார்? மாத்திரையை நிறுத்துவார். "கொஞ்ச நாளில் இது குறையும், நேரம் மாற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் வேறு மாத்திரை இருக்கிறது" என்று சொல்ல அந்த நேரத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத இடத்தில் பதிவேட்டில் ஒரு வரி ஏறும்: நோயாளி சிகிச்சையைத் தொடரவில்லை. பழி யார் மேல் விழுகிறது, பாருங்கள்.

கட்டணம் பெரிய தடைதான், மறுக்கவில்லை. அதை நீக்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எரிச்சல். தினக்கூலிக்காரர் ஒருமுறை வந்துபோனால் ஒரு நாள் கூலி போச்சு. தனியே அனுப்ப முடியாத நிலைமை என்றால் துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். பஸ் காசு தனி. இதில் ஓபி நேரம் வேலைநாள் காலையில் மட்டும். அடுத்த முறை வரும்போது மருந்து ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், மூன்றாவது முறை என்று ஒன்று கிடையாது.

நான் ஒருமுறை மனநல சிகிச்சைக்குப் போன உறவினர் ஒருவருக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். மேஜைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு திரைகூட இல்லை. முன்னால் இருந்த அம்மாவிடம், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டது வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழுந்தது. அவர் திரும்பி எங்களை ஒருமுறை பார்த்தார். "அதெல்லாம் இல்லைங்க" என்றார். வேறென்ன சொல்வார்? பேனா 'இல்லை' என்று குறித்துக்கொண்டது. அடுத்த ஆள்.

ஜிம்பாப்வேயில் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் இருக்கிறார். அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். ஆபத்து தெரிந்த பிறகும் ஏன் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரவில்லை என்று தாயிடம் கேட்டிருக்கிறார். பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்பதுதான் பதில். அதற்கப்புறம் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2006-இல் ஹராரே நகரின் உம்பாரே பகுதியில், ஏற்கெனவே சுகாதாரத் தொண்டர்களாக இருந்த 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். கிளினிக் வளாகத்தில் மரத்தடியில் ஒரு மர பெஞ்ச். பாட்டி ஒரு பக்கம், வந்தவர் ஒரு பக்கம். இருக்கிற பிரச்சினைகளை வரிசையாகச் சொல்லவைத்து, அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். இப்படி ஆறு அமர்வு வரை. 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு மனச்சோர்வு தெளிவாகக் குறைந்திருந்தது.

இதைச் சொன்னதும் உடனே சிலருக்கு ஆசை வந்துவிடும்: அப்படியானால் டாக்டரே வேண்டாம், தன்னார்வலர்களே போதும், செலவு மிச்சம். அங்கேதான் நான் முரண்படுவேன். அந்தப் பாட்டிகளுக்குப் பின்னால் பயிற்சி இருந்தது, மேற்பார்வை இருந்தது, தற்கொலை எண்ணம் தெரிந்தால் மேலே அனுப்ப வழி இருந்தது. யாரும் இல்லாதபோதும் குரல் கேட்கிறது என்பவருக்கும் பல நாளாகத் தூங்காமல் ஓடிக்கொண்டே இருப்பவருக்கும் பெஞ்ச் போதாது, மருந்து வேண்டும். இன்னொன்று, ஏழை வீடுகளுக்குப் போய்வரும் சுகாதாரப் பணியாளர்கள் பெரும்பாலும் அதே தெருவில் வாழும் பெண்கள். தடுப்பூசி, கர்ப்பிணி பதிவு என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. அதோடு மனநலத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டு, ஊக்கத்தொகை என்று எதையோ கையில் திணிப்பது அநியாயம். முறையான சம்பளம் கொடுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். உலக அளவில் அரசுகள் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதில் மனநலத்துக்குப் போவது சராசரியாக 2 சதவீதம்தான். நடுத்தர வருமான நாடுகளில் அதிலும் பெரும்பகுதியை மனநல மருத்துவமனைகளே விழுங்கிவிடுகின்றன. தெருமுனைக்கு வந்து சேர்வது மிச்சம் மீதி.

அதற்காக ஆஸ்பத்திரியை மூடினால் சரியாகிவிடுமா என்றால், அமெரிக்காவைப் பார்க்கலாம். 1963-இல் கென்னடி சமூக மனநலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய மருத்துவமனைகளுக்குப் பதிலாக ஊர்ப்பக்கத்திலேயே சிகிச்சை தரும் சுமார் 1,500 மையங்கள் வரும் என்பது திட்டம், ஏறக்குறைய பாதிதான் வந்தது. மருத்துவமனைகள் மட்டும் காலியாகிக்கொண்டே போயின. வெளியே வந்தவர்களில் கணிசமானோர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். இத்தாலியின் த்ரியேஸ்தே நகரில் மனநல மருத்துவர் ஃபிராங்கோ பஸாலியாவும் மருத்துவமனையைக் காலிசெய்தவர்தான். ஆனால் அங்கே அதற்கு ஈடாக அக்கம்பக்கத்திலேயே மையங்கள் எழுந்தன. வாரம் ஏழு நாளும், இரவிலும் திறந்திருக்கும், சில படுக்கைகளும் இருக்கும் மையங்கள். கைவேலை முடித்து சாயங்காலம் ஒருவர் போனாலும் கதவு திறக்கும். ஏழைக்கு இதைவிடப் பெரிய சலுகை எதுவும் கிடையாது.

இப்போது எல்லாவற்றுக்கும் ஹெல்ப்லைன் எண் கொடுக்கிறார்கள். நல்லதுதான். நடுராத்திரியில் தவிக்கும் ஒருவருக்கு அந்தக் குரல் உயிரைக் காப்பாற்றலாம். ஆனால் ஒரே அறை வீட்டில், ஐந்து பேர் நடுவில், வீட்டுக்கே பொதுவான ஒரு போனில், கணவன் அடிப்பதைப் பற்றி ஒரு பெண் எந்த மூலையில் நின்று பேசுவாள்? ஹெல்ப்லைன்தான் இருக்கிறதே என்று காரணம் காட்டி பக்கத்துக் கிளினிக்கில் மனநல ஓபியை நிறுத்த யாராவது கிளம்பினால், மனு எழுத நான் வருகிறேன், சண்டை போடவும் வருகிறேன்.