"அடுத்த ஆக்கள் வரட்டும், தாறன்"

கிளிநொச்சியில் நான்கு வருடம் குடியிருந்த வாடகை வீட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டு, வவுனியாவுக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதமாகிறது. அந்த வீட்டுக்கு நான் கொடுத்த முற்பணம் 54,000 ரூபா. மாதம் 18,000, மூன்று மாதத்துக்கு அவ்வளவு. இதுவரை 20,000 திரும்பி வந்திருக்கிறது. மீதியைக் கேட்கும்போதெல்லாம் வீட்டுக்கார அன்ரி ஒரே பதிலைத்தான் சொல்கிறார்: "அடுத்த ஆக்கள் வந்து அட்வான்ஸ் தரட்டும் ரீச்சர், உடனே தாறன்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர் கையில் காசில்லை. இடம்பெயர்ந்து அலைந்து, திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு அது. நான் குடிவந்த வருடம்தான் முன் விறாந்தைக்கு மாபிள் பதித்தார். என் முற்பணத்தில் ஒரு பங்கு அந்த மாபிளில்தான் இருக்கிறது. நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், எனக்கு முன் இருந்தவருக்கும் என் காசிலிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒருவர் காசில் இன்னொருவர் கணக்கை முடிக்கும் வரை சரி. வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் கடைசியாக வெளியேறியவர் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அன்ரியின் கஷ்டம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இது பிழை என்றே சொல்வேன். முற்பணம் அவரை நம்பி வைத்த காசு. வவுனியா வீட்டுக்கு முற்பணம் கட்ட என் காப்பை அடைவு வைத்தேன், அதற்கு மாதாமாதம் வட்டி போகிறது. எனக்காவது சம்பளம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல், விவசாய பீடங்களில் படிக்கும் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். கடைசிப் பரீட்சை முடிந்து மட்டக்களப்புக்கோ பதுளைக்கோ போன பிள்ளை, பத்தாயிரம் ரூபாவைக் கேட்டு வாங்க எத்தனை தரம் பஸ் ஏறி வரும்?

அப்புறம் அன்ரி முற்பணத்தில் கழிக்கிற கதை. பெயின்ற் அடிக்கவும் குசினிக் கதவு மாற்றவும் 12,000 பிடிக்கப் போகிறாராம். நான் உடைத்த யன்னல் கண்ணாடிக்குப் பிடிக்கட்டும், அது நியாயம். அதை நானே முதலில் சொன்னேன். ஆனால் கிரவல் ஒழுங்கையின் புழுதி நான்கு வருடம் சுவரில் ஏறியதற்கும், நிலையைக் கறையான் அரித்ததற்கும், கிணற்றுத் தண்ணீர் படிந்து பைப் வெள்ளையானதற்கும் குடியிருந்தவர் எப்படிப் பொறுப்பாவார்? அந்த வீட்டில் அன்ரியே இருந்திருந்தாலும் அதுதானே நடந்திருக்கும்?

என் பிழையும் இருக்கிறது. ஒரு துண்டும் எழுதி வாங்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னால் எழுத வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் சட்டம். எங்கள் பக்கத்தில் வாய்ப்பேச்சோடு முடித்துவிடுகிறோம். எழுதிக் கேட்டால் "என்னை நம்பேல்லையோ" என்று முகம் மாறிவிடும் என்ற பயம். எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட 6 வருடம் இருக்கிறது, வாய்ப்பேச்சுக்கு 3 வருடம்தான். "பாப்பம், பாப்பம்" என்று இருந்தால் அந்தக் காலமும் போய்விடும்.

முற்பணத்தை வங்கி வழியாகப் போட்டதால் அந்தச் சிட்டை மட்டும் கையில் இருந்தது. அதை வைத்து மத்தியஸ்த சபைக்கு, எங்கள் வாயில் இணக்க சபைக்கு, எழுதிக் கொடுத்திருக்கிறேன். சட்டத்தரணி தேவையில்லை. அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இரண்டு பேரையும் இருத்திப் பேசவைப்பார்கள். சரிவராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். எனக்கு அதுவரை போக விருப்பமில்லை. மாதம் 5,000 படி தந்தாலும் போதும் என்று அன்ரியிடம் சொல்லத்தான் நினைத்திருக்கிறேன். ஆனால் இந்த முறை அதைத் தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும்.