வைரம் பாய்ந்த கட்டை

(தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா. சாக்கு நிறைய மரத்துண்டுகளோடு அண்ணன் பையன்.)

பையன்: சித்தப்பா, கத்திக்குப் பிடி போடணும். இதுல எது சரிப்படும்னு பாருங்க.

சித்தப்பா: ஒரு கத்திக்கா? சாக்கைப் பார்த்தா ஒரு படைக்கே பிடி போடலாம் போலிருக்கே.

பையன்: முதல்ல இந்த வேம்பு.

சித்தப்பா: (கன்னத்தில் வைத்துப் பார்த்து) சில்லுனு இருக்கு. எப்ப வெட்டின?

பையன்: முந்தாநாள்.

சித்தப்பா: இலை வாடறதுக்குள்ள பிடி ஆயிடணுமா? பச்சை மரம் காயும்போது நீளத்துல அநேகமா அசையாது. அகலத்துல 100 மில்லிமீட்டருக்கு 5, சிலது 10 மில்லிமீட்டர்கூடச் சுருங்கும். ஆனா உள்ள இருக்கிற இரும்பு சுருங்குமா? மரம் உள்ள போகும், இரும்பு விளிம்பு வெளிய எட்டிப் பார்க்கும். அப்புறம் உன் கத்தி முன்னாடி காயை வெட்டும், பின்னாடி கையை வெட்டும்.

பையன்: காய எவ்வளவு நாளாகும்?

சித்தப்பா: ஓர் அங்குல கனத்துக்கு ஒரு வருஷம்னு ஒரு குத்துமதிப்பு. வாராவாரம் எடை போட்டுக் குறிச்சு வை. குறையறது எப்ப நிக்குதோ, அப்ப காய்ஞ்சிருச்சு.

பையன்: உங்க எடைகூட ரொம்ப நாளாக் குறையலை சித்தப்பா.

சித்தப்பா: அடுத்ததை எடு.

பையன்: கருங்காலி! மை மாதிரி பளபளன்னு...

சித்தப்பா: தண்ணியில போட்டா முங்கற மரம். மெல்லிசு அலகுக்கு இதைப் போட்டா, கத்தி பின்பக்கமா சாயும். தேய்க்கிறப்ப சூடேறினா மயிரிழையா வெடிக்கும். பொறுமை இருக்கிறவன் தொடணும்.

பையன்: எனக்குப் பொறுமை இருக்கே.

சித்தப்பா: முந்தாநாள் வேம்பு சொல்லிருச்சு.

பையன்: சரி, தேக்கு?

சித்தப்பா: நல்ல மரம். எண்ணெய்ப் பசை இருக்கிறதால தண்ணிக்கு அசராது. ஆனா அதே எண்ணெய் எப்பாக்ஸிப் பசையை ஒட்ட விடாது. அசிட்டோன் போட்டுத் துடைச்சு, உடனே ஒட்டணும்.

பையன்: ஈட்டி மரமும் தேடினேன். 2017-லேர்ந்து அது சேர்ந்த டால்பெர்ஜியா இனத்தையே சைட்டிஸ் பட்டியல்ல வச்சிருக்காங்க; அழியற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற உலக ஒப்பந்தம் அது. கட்டை நாடு தாண்டணும்னா அனுமதிச் சீட்டு வேணுமாம்.

சித்தப்பா: உனக்கே இன்னும் பாஸ்போர்ட் இல்லை, கட்டைக்கு வேணுமா? அதோட தூள் வேற சிலருக்கு ஆகாது. தும்மலும் அரிப்பும் பின்னி எடுத்துரும்.

பையன்: அப்ப இந்தப் பனை? கோடு கோடா எவ்வளவு அழகு!

சித்தப்பா: பனைக்கு வெளிய வைரம், உள்ள சோறு. நீ எந்தப் பக்கம் அறுத்த?

பையன்: ...சோத்துப் பக்கம்.

சித்தப்பா: வேற எந்தப் பக்கம் போவே நீ! பிடிக்கு வைரம் வேணும்டா.

பையன்: வைரமா? அவ்வளவு வசதி இல்லை சித்தப்பா, கண்ணாடிக்கல் பதிச்சாப் போதாதா?

சித்தப்பா: டேய்! மரத்தோட வைரம், கெட்டியான பாகம்! இதோ இந்தக் கொட்டாப்புளியைப் பாரு. புளிய மரத்து வைரம். இழை நேரா ஓடாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னியிருக்கு. அதனால லேசுல பிளக்காது. 30 வருஷமா உளித் தலையில அடிக்கிறேன், ஒரு கீறல் உண்டா?

பையன்: (வாங்கி, கன்னத்தில் வைத்து) சில்லுனு இல்லை. காய்ஞ்சிருக்கு. வைரம் வேற... நடுவுல ஒரு அறுப்பு போட்டா பிடிக்கு ரெண்டு பலகை வரும் சித்தப்பா!

சித்தப்பா: கொடுடா அதை! முதல்ல கத்தியைக் காட்டு. பிடிக்குள்ள போற இரும்பு எவ்வளவு அகலம்னு பார்ப்போம்.

பையன்: கத்தியா?

சித்தப்பா: ஆமா, கத்தி.

பையன்: அது இன்னும் அடிக்கலை. பிடி அமைஞ்சதும் அதுக்கேத்த மாதிரி ஒண்ணு...

சித்தப்பா: இப்படிக் கிட்ட வா.

பையன்: எதுக்குக் கொட்டாப்புளியை ஓங்கறீங்க?

சித்தப்பா: பிளக்குதா, பிளக்கலையான்னு பார்த்திரலாம்.