லூயிஸ் விர்த்: கெட்டோ ஆய்விலிருந்து சிறுபான்மைக் கோட்பாடு வரை

சமூகவியல் படித்தவர்களிடம் அமெரிக்கச் சமூகவியலாளர் லூயிஸ் விர்த்தைப் பற்றிக் கேட்டால், நகர வாழ்க்கையைப் பற்றி அவர் 1938-இல் எழுதிய கட்டுரையைத்தான் சொல்வார்கள். மக்கள்தொகையின் அளவு, நெருக்கம், பன்மைத்தன்மை என்று நகரத்தை அடையாளம் காட்ட அவர் சொன்ன மூன்று கூறுகளைத் தேர்வில் எழுதிவிட்டு அவரை அத்தோடு மறந்துவிடுகிறோம். ஆனால் அவருடைய பெரிய பங்களிப்பு, சிகாகோவின் யூதக் குடியிருப்பில் தொடங்கிய ஆய்வைச் சமத்துவமின்மை பற்றிய தெளிவான சிந்தனையாக அவர் வளர்த்தெடுத்ததுதான் என்பது என் கருத்து.

1897-இல் ஜெர்மனியின் கெமுண்டன் என்னும் சிற்றூரில், மாட்டு வியாபாரம் செய்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர் விர்த். 1911-இல் தாய்மாமனுடன் அமெரிக்காவின் ஒமாஹா நகருக்கு வந்தார். உதவித்தொகை பெற்றுச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெற்றதும் நேராக ஆய்வுக்குப் போகாமல், யூதத் தொண்டு அமைப்பொன்றில், சட்டத்தின் பிடியில் சிக்கிய சிறுவர்களுக்கான பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றினார். குடியேறிகளின் குடும்பங்களில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நிகழும் பண்பாட்டு மோதலே அவருடைய முதுகலை ஆய்வுப் பொருளாயிற்று.

கெட்டோ என்பது யூதர்கள் ஒதுக்கி வைக்கப்பட்ட குடியிருப்பு. 1928-இல் வெளிவந்த அவருடைய 'தி கெட்டோ' என்ற நூல் வெனிஸ், பிராங்ஃபர்ட் நகரங்களின் பழைய யூதச் சேரிகளிலிருந்து தொடங்கிச் சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருவுக்கு வந்து சேர்கிறது. கூச்சலும் நாற்றமும் நிறங்களும் நிறைந்த அந்தத் தெருச் சந்தை, நவீன நகரத்தின் அங்காடியைவிட இடைக்கால ஐரோப்பியச் சந்தையையே ஒத்திருப்பதாக அவர் எழுதுகிறார். நூலில் என்னை மிகவும் கவர்ந்த இடம், சிகாகோவின் இன்னொரு குடியிருப்பான லான்டேல் பற்றியது. சற்று வசதி வந்ததும் மேக்ஸ்வெல் தெருப் பகுதியை விட்டு லான்டேலுக்குக் குடிபோன கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், முன்பே வந்து செல்வாக்குப் பெற்றிருந்த ஜெர்மானிய யூதர்களின் நடையுடையைப் பின்பற்றுகிறார்கள் என்று, பழைய இடத்திலேயே தங்கிவிட்டவர்கள் லான்டேலுக்கே 'டாய்ச்லாந்து' (ஜெர்மனி) என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். வெளியார் கண்ணுக்கு ஒரே சமூகமாகத் தெரிந்த மக்களுக்குள் எத்தனை மேடு பள்ளங்கள் இருந்தன என்பதை இந்த ஒரு பெயரே காட்டிவிடுகிறது.

இருந்தாலும் அந்த நூலின் அடிப்படை வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. கெட்டோ ஓர் இடம் மட்டுமன்று, மனநிலையும் கூட என்றும், கலந்து பழகினால் அது தானே கரைந்துவிடும் என்றும் அவர் நம்பினார். மரபில் ஊன்றி நின்ற யூதர்களைத் தேங்கிப் போனவர்களாகவே பார்த்தார். ஜெர்மானிய யூதரான அவருக்கு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசிய அந்த உலகம் சற்றுத் தொலைவிலேயே இருந்தது என்று தோன்றுகிறது. யூதர்கள் காலி செய்த வீடுகளில் கறுப்பின மக்கள் குடியேறுவதை அவரே பதிவு செய்தார். ஆனால் யூதர்களுக்குத் திறந்த வழி இவர்களுக்கும் திறக்குமா என்ற கேள்வியை அங்கே அவர் அழுத்திக் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு அவர் பிற்காலத்தில்தான் வந்தார். ஜெர்மனியில் பிறரோடு கலந்து வாழ்ந்த யூதர்களையும் 1933-க்குப் பின் நாஜி அரசே வேட்டையாடிய காலத்துக்குப் பிறகு, 1945-இல் எழுதிய கட்டுரையில், சிறுபான்மை என்பது தலைக்கணக்கு அல்ல என்றார்: உடல் அல்லது பண்பாட்டு அடையாளத்தால் தனித்துப் பிரிக்கப்பட்டு, சமமற்ற முறையில் நடத்தப்பட்டு, அதனால் தங்களைக் கூட்டுப் பாகுபாட்டுக்கு உள்ளானவர்களாகக் கருதும் மக்களே சிறுபான்மையினர். எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருப்பவர்களும் இந்த நிலையில் இருக்கலாம். பாதிக்கப்பட்டவரின் மனநிலையிலிருந்து பாகுபாடு காட்டும் சமூகத்தின் மீது பார்வை திரும்பிய இடம் இது.

எழுத்தோடும் அவர் நிற்கவில்லை. இன உறவுகளுக்கான அமெரிக்க மன்றத்தில் முன்னின்று உழைத்தார். கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை எதிர்த்தார். அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகமே அத்தகைய ஒப்பந்தங்களுக்கு ஆதரவாக இருந்ததை நினைத்தால் அந்த நிலைப்பாட்டின் எடை புரியும். அந்த ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு விர்த் பன்னாட்டுச் சமூகவியல் சங்கத்தின் முதல் தலைவரானார்; 1952-இல் பஃபலோ நகரில் 54 வயதில் திடீரென இறந்தார்.

சிறுபான்மைக்கு அவர் தந்த வரையறையிலும் எனக்கு ஒரு தடை உண்டு. பாகுபாட்டை அந்த மக்கள் உணர்ந்திருக்க வேண்டும் என்பதை அது நிபந்தனையாக வைக்கிறது. தலைமுறைகளாக அழுத்தப்பட்டு, தங்கள் நிலையை விதி என்று ஏற்றுக்கொண்டவர்களை அதில் எங்கே வைப்பது? இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் அவரே அந்த நிபந்தனையைத் தளர்த்தியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.