பத்து பேப்பரில் வந்தால் பத்து ஆதாரமா?

"பத்து பேப்பரில் வந்திருக்கிறது, பத்து பேர் விசாரித்து உறுதி செய்துவிட்டார்கள்" என்று தேர்தல் நேரத்தில் ஒரு பேச்சு சுற்றுகிறது. இது தவறு.

பேப்பர்களின் எண்ணிக்கை வேறு, தகவல் கொடுத்தவர்களின் எண்ணிக்கை வேறு. ராய்ட்டர்ஸ், ஏபி, பிடிஐ மாதிரியான செய்தி நிறுவனம் அனுப்பும் ஒரே செய்தியை எல்லா பேப்பரும் தலைப்பை மட்டும் மாற்றிப் போடலாம். அந்தச் செய்தியே ஒரு கட்சியின் பேச்சாளர் சொன்னதை மட்டும் வைத்து எழுதியதாக இருந்தால், அது பத்து இடத்தில் அச்சானாலும் ஆதாரம் ஒன்றுதான். அதற்காக அது பொய் என்று சொல்லவில்லை, பத்து முறை சரிபார்க்கப்பட்டது என்று நம்பாதீர்கள் என்கிறேன். செய்திக்குள் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். வேட்பாளரும் கட்சிக்காரர்களும் மட்டும்தானா, வாக்காளர், துறை தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?

அப்புறம், பக்கம் பக்கமாகத் தேர்தல் செய்தி வந்தால் எல்லாப் பிரச்சினையும் அலசப்பட்டுவிட்டது என்பதும் சரியல்ல. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள சாப்பல் ஹில் என்ற ஊரில் இதைப் பார்த்தார்கள். யாருக்கு ஓட்டு என்று முடிவெடுக்காத 100 பேரிடம் கேட்டார்கள், செய்திகளையும் அலசினார்கள். பிரசாரச் செய்திகளில் கணிசமான பகுதி மக்கள் பிரச்சினைகளைப் பற்றியதாக இல்லை, பிரசாரத்தைப் பற்றியதாகவே இருந்தது. ஊடகங்கள் அழுத்திச் சொன்ன பிரச்சினைகளைத்தான் வாக்காளர்களும் பெரும்பாலும் முக்கியம் என்றார்கள். அப்படியானால் பேப்பர் விட்டுவிடும் பிரச்சினை வாக்காளர் கண்ணிலும் படாமல் போகலாம். பேப்பரில் எது விடுபடுகிறது என்று நான் கவலைப்படுவது இதனால்தான்.